வீட்ல கெடக்கற டிவிடி எல்லாத்தையும் மீடியா பிளேயருக்கு மாத்த என்ன செட்டிங் வைக்கறது? அடிக்கடி கேக்கற கேள்விங்க

கடலூர்லயும் சரி பாண்டிலயும் சரி, 2000க்கு அப்புறம் பத்து பதினஞ்சு வருஷம் டிவிடி வாங்கின வீடுங்கள்ல பீரோ மேல ஒரு அட்டப்பெட்டியாவது இருக்கும், அதுல பாதி சினிமா, கொஞ்சம் பக்திப்பாட்டு, அடில யாரோட கல்யாணம்னு எழுதாத வெள்ளை டிஸ்க்கு நாலஞ்சு. இப்ப பிளேயர் ரிப்பேர், புது டிவில அந்த மஞ்ச செவப்பு வெள்ள பின் குத்தற எடமே இல்ல, லேப்டாப்புல டிரைவே கெடயாது. எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்திடலாம்னு ஆரம்பிச்ச சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்க என்கிட்ட கேட்டத இங்க ஒண்ணா போட்டிருக்கேன். என் கருத்து என்னன்னா சினிமா டிஸ்க்குக்கு ஒரே செட்டிங்க வச்சிட்டு வரிசையா தள்ளிடுங்க, மிச்சமாகற நேரத்த பூரா வீட்டு விசேஷ டிஸ்க்குக்கு குடுங்க, ஏன்னா அந்த காப்பி வேற எங்கயும் கெடைக்காது.

இவ்ளோ படிக்க நேரம் இல்லண்ணா, செட்டிங்க மட்டும் சொல்லுங்க?

வீடியோவ கன்வர்ட் பண்ற ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர், ஃபார்மட் எம்கேவி, வீடியோ எக்ஸ்264 (எச்.264), குவாலிட்டி ஆர்எஃப் 20, என்கோடர் பிரீசெட் ஸ்லோ, பிரேம் ரேட் சேம் அஸ் சோர்ஸ். சைஸ மாத்தாதீங்க. ஃபில்டர்ல இன்டர்லேஸ் டிடெக்ஷன் ஆன், டீகோம்ப் ஆன். ஆடியோ ரெண்டு டிராக், மொத டிராக் ஏஏசி ஸ்டீரியோ 160, ரெண்டாவது ஏசி3 பாஸ்த்ரூ, அதாவது டிஸ்க்ல இருக்கறத மாத்தாம அப்படியே எடுக்கறது. சப்டைட்டில் பாஸ்த்ரூ, படத்து மேல எரிக்க வேணாம். இத ஒரு பேர் குடுத்து பிரீசெட்டா சேவ் பண்ணிடுங்க. கல்யாண டிவிடிக்கு இது ஆகாது, அதுக்கு கீழ தனியா எழுதியிருக்கேன்.

கன்வர்ட் எதுக்கு, டிஸ்க்ல இருக்கறத அப்படியே காப்பி பண்ணா ஆகாதா?

ஆகும், எடம் இருந்தா அதுதான் பெஸ்ட்டு கூட. ஒரு லேயர் டிஸ்க்குல 4.7 ஜிபி, ரெண்டு லேயர் டிஸ்க்குல 8.5 ஜிபி பிடிக்கும். சராசரியா 6 ஜிபின்னு வச்சிக்கங்க, 200 டிஸ்க்குக்கு 1.2 டிபி, ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க்ல அடங்கிடும். மேக்எம்கேவின்னு ஒரு சாஃப்ட்வேர், அது படத்த தொடாம மெனு, விளம்பரம், ஸ்கிப் பண்ண முடியாத எச்சரிக்க போர்டு எல்லாத்தையும் கழட்டிட்டு படத்த மட்டும் ஒரே எம்கேவி ஃபைலா தரும், குவாலிட்டில ஒரு பைசா குறையாது. அதயே எக்ஸ்264ல ஆர்எஃப் 20க்கு மாத்தினா ரெண்டரை மணி நேர படம் சுமாரா ஒண்ணுல இருந்து ரெண்டு ஜிபிக்குள்ள வரும்.

அப்ப எதுக்கு மாத்தறதுன்னா, டிவிடில இருக்கற வீடியோ எம்பெக்-2, 90கள்ல வந்த டெக்னாலஜி, டிவி பெரும்பாலும் பாடிடும் ஆனா போன்லயும் பிரவுசர்லயும் மக்கர் பண்ணும். அப்புறம் கோடு கோடா தெரியற பிரச்சன, அத ஒவ்வொரு பிளேயரும் ஒவ்வொரு மாதிரி சமாளிக்கும், நாம ஒரு தடவ நல்லா சரி பண்ணி வச்சிட்டா எங்க போட்டாலும் ஒரே மாதிரி ஓடும். பாக்கறது ஹால் டிவில மட்டும்தான், ஹார்ட் டிஸ்க்குல எடம் இருக்குன்னா மேக்எம்கேவியோட நிறுத்திக்கங்க, யாரும் கோச்சிக்க மாட்டாங்க.

ஹேண்ட்பிரேக்ல டிஸ்க்க போட்டா படம் கட்டம் கட்டமா கொழகொழன்னு வருதே, சாஃப்ட்வேர் கோளாறா?

இல்ல. கடைல வாங்கின டிஸ்க்ல சிஎஸ்எஸ்னு ஒரு பூட்டு இருக்கும், ஹேண்ட்பிரேக்குக்கு அத தெறக்கற வேல கெடயாது. மேக்எம்கேவி தெறக்கும், விஎல்சி பிளேயர்காரங்களோட லிப்டிவிடிசிஎஸ்எஸ் ஃபைலும் தெறக்கும். அதனால மொதல்ல மேக்எம்கேவில எம்கேவியா எடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டுக்கங்க, அந்த ஃபோல்டர ஹேண்ட்பிரேக்ல குடுங்க. இதுல இன்னொரு லாபம், டிஸ்க் படிக்கற வேலயும் கன்வர்ட் பண்ற வேலயும் தனித்தனியா போகும், பகல்ல ஒவ்வொரு டிஸ்க்கா மாத்தி மாத்தி படிச்சு வச்சிட்டு ராத்திரி மொத்தமா க்யூல விட்டுட்டு தூங்கலாம்.

இது சட்டப்படி சரியா?

நான் வக்கீல் இல்ல. 1957 காப்பிரைட் சட்டத்துல 2012ல சேத்த 65ஏ பிரிவு, உரிமைய மீறணும்ங்கற நோக்கத்தோட பூட்ட ஒடைச்சா குத்தம்னு சொல்லுது. காசு குடுத்து வாங்கின டிஸ்க்க உங்க வீட்டு டிவில பாக்கறதுக்கு மாத்தறது வேற, பெண்டிரைவ்ல போட்டு தெருவுக்கே குடுக்கறது வேற. வாடகைக்கு வாங்கின டிஸ்க்கயும் பக்கத்து வீட்டு டிஸ்க்கயும் என்கிட்ட கொண்டு வராதீங்க.

டிரைவ்க்கு எங்க போறது?

யுஎஸ்பி டிவிடி ரைட்டர் ஆன்லைன்ல இன்னும் விக்குது, அதுவே போதும். பழைய டெஸ்க்டாப் யாராவது தூக்கி போட்டா அதுல இருக்கற பெரிய டிரைவ கழட்டிக்கங்க, பாண்டி சண்டே மார்க்கெட் பக்கம் சுத்தினாலும் கண்ணுல படும். ஆனா பெரிய டிரைவுக்கு 12 வோல்ட் வேணும், வெறும் யுஎஸ்பி ஒயர் மட்டும் உள்ள கனெக்டர் ஆகாது, தனி அடாப்டர் வச்ச கனெக்டரா பாத்து வாங்கணும். முடிஞ்சா ரெண்டு வேற வேற கம்பெனி டிரைவ் வச்சிக்கங்க, ஒண்ணு படிக்காத டிஸ்க்க இன்னொண்ணு படிக்கும், இது சத்தியமா நடக்கற விஷயம்.

ஆர்எஃப் 20 ஏன், ஃபைல் சைஸ் 700 எம்பின்னு நாமளே குடுக்க முடியாதா?

700 எம்பிங்கறது சிடில எழுதறதுக்கு வச்ச கணக்கு, அந்த பழக்கத்த விட்டுடுங்க. எல்லா படத்துக்கும் ஒரே சைஸ் குடுத்தா, ரெண்டு பேர் உக்காந்து பேசிட்டே இருக்கற படத்துக்கு எடம் வேஸ்ட்டு, மழ, கூட்டம், சண்ட, ஆட்டம்னு போற படம் பிஞ்சி போயிடும். ஆர்எஃப்னா சைஸ் எப்படியோ போகட்டும் தரம் ஒரே மாதிரி இருக்கட்டும்னு சொல்றது. நம்பர் கொறஞ்சா தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். டிவிடி மாதிரி சின்ன சைஸ் படத்துக்கு 18லேருந்து 22ன்னு ஹேண்ட்பிரேக்காரங்களே சொல்றாங்க, நடுவுல 20. 22க்கு மேல போனா இருட்டு சீன்ல, மேகத்துல, செவுத்துல பட்டை பட்டையா தெரிய ஆரம்பிக்கும். 16, 15னு எறக்கறவங்கள பாத்திருக்கேன், டிஸ்க்ல இருக்கற அழுக்க கூட பத்திரமா காப்பாத்திட்டு இருப்பாங்க, அவ்ளோதான். ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கங்க, பழைய கருப்பு வெள்ள படத்துல புள்ளி புள்ளியா ஆடிட்டே இருக்கறதால அதே 20ல கூட ஃபைல் பெருசா வரும், அது தப்பு இல்ல.

எச்.264க்கு அடுத்து வந்த எச்.265 போட்டா பாதி சைஸ் ஆகுமாமே?

4கே படத்துக்கு அது பெரிய லாபம், டிவிடி சைஸ்ல அவ்ளோ கெடயாது. நேரம் பல மடங்கு எடுக்கும், கொஞ்சம் பழைய டிவில ஓடாது, அம்மா வீட்டு டிவில "ஃபைல் நாட் சப்போர்டட்"னு வந்தா போன் உங்களுக்குதான் வரும். 1.5 ஜிபி படம் 1 ஜிபி ஆகறதுக்காக இந்த வம்பு வேணாம்ங்கறது என் அபிப்ராயம். எக்ஸ்264லயும் 10 பிட் வேணாம், 8 பிட்டே இருக்கட்டும், 10 பிட் எச்.264 பெரும்பாலான டிவி சிப்புல ஓடாது.

கிராபிக்ஸ் கார்டு வச்சி வேகமா பண்ற என்விஎன்க், குவிக்சிங்க் ஆப்ஷனும் இருக்கு. வேகம்தான், ஆனா அதே தரத்துக்கு ஃபைல் பெருசா வரும். ஒரு தடவ பண்ற வேல, சுமாரான ஐ5 லேப்டாப்பே டிவிடி சைஸ் படத்த ஓடற நேரத்த விட சீக்கிரம் முடிச்சிடும், அவசரம் எதுக்கு.

1080க்கு பெருசாக்கி சேவ் பண்ணா டிவில நல்லா தெரியுமா?

தெரியாது. டிஸ்க்ல இருக்கறது 720க்கு 576 இல்ல 720க்கு 480, அதுல இல்லாத மூக்கும் முழியும் எங்கேருந்து வரும்? டிவியே பெருசாக்கித்தான் காட்டுது, அந்த வேலய அது பாத்துக்கும். ஃபைல் மட்டும்தான் வீங்கும்.

பாட்டு சீன்ல கை ஆட்டும்போது கோடு கோடா தெரியுதே?

சீப்பு பல்லு மாதிரி கெடயா கோடு தெரிஞ்சா அது இன்டர்லேஸ். பழைய டியூப் டிவிக்காக ஒரு பிரேம்ல ஒத்தப்பட கோடு ஒரு நேரத்துலயும் ரெட்டப்பட கோடு இன்னொரு நேரத்துலயும் எடுத்து வச்சிருப்பாங்க, எல்சிடில ரெண்டும் சேந்து காட்டும்போது அசையற எடமெல்லாம் பிசிறடிக்கும். மேல சொன்ன இன்டர்லேஸ் டிடெக்ஷனும் டீகோம்பும் ஆன்ல இருந்தா, பிசிறு இருக்கற பிரேம மட்டும் தேடி சரி பண்ணும், மத்தத தொடாது, அதனால சினிமாவுக்கு எப்பவும் ஆன்லயே விட்டுடலாம்.

இதுல நம்ம தமிழ் பட டிஸ்க்குக்குன்னு ஒரு தலவலி இருக்கு. நம்ம ஊர் டிவி பால் (PAL) சிஸ்டம், நொடிக்கு 25 பிரேம், ஆனா கடைல வந்த தமிழ் பட டிவிடி நிறைய என்டிஎஸ்சிங்கற (NTSC) வேற சிஸ்டம், நொடிக்கு 29.97. சினிமா எடுக்கறது 24ல. ஒழுங்கா பண்ணின டிஸ்க்னா 24ஐ 3:2 புல்டவுன்னு ஒரு கணக்குல 29.97க்கு இழுத்திருப்பாங்க, அத ஹேண்ட்பிரேக்ல டீடெலிசைன் ஃபில்டர ஆன் பண்ணி திருப்பி 23.976க்கு கொண்டு வந்துடலாம், நடை சுத்தமா இருக்கும். ஒழுங்கா பண்ணாத டிஸ்க்ல மொதல்ல பால் டேப்புக்கு மாத்தி அதுலேருந்து என்டிஎஸ்சிக்கு மாத்தியிருப்பாங்க, அப்ப ஒரு பிரேம் மேல இன்னொரு பிரேம் பேய் மாதிரி கலந்து ஒட்டியிருக்கும். அத ஹேண்ட்பிரேக் ஃபில்டர் எதுவும் பிரிக்காது. விஎல்சில நிறுத்தி ஈ விசைய தட்டி ஒவ்வொரு பிரேமா நவுத்தி பாருங்க, கோடு தெரிஞ்சா சரி பண்ணலாம், ரெட்ட உருவம் தெரிஞ்சா விட்டுட்டு அடுத்த டிஸ்க்குக்கு போங்க.

ஹீரோ மூஞ்சி ஒல்லியா நீட்டமா ஆயிடுச்சு?

அனமார்ஃபிக்ங்கற ஆப்ஷன ஆட்டோமேட்டிக்லேருந்து மாத்தியிருப்பீங்க. டிவிடில அகல படத்தயும் நெருக்கி 720க்குள்ளதான் வச்சிருப்பாங்க, இத விரிச்சு காட்டுன்னு ஒரு குறிப்பு கூடவே இருக்கும், அந்த குறிப்பு போயிட்டா எல்லாரும் ஒல்லிதான். ஆட்டோமேட்டிக்லயே விடுங்க.

மேலயும் கீழயும் கருப்பு பட்டை இருந்தா ஆட்டோ கிராப் வெட்டிடும். ஆனா இருட்டு சீன் அதிகமா இருக்கற படத்துல அது தப்பா கணிச்சு தலைய வெட்டின கேஸ் உண்டு, சப்டைட்டில பட்டை மேல படத்தோடயே பதிச்சிருக்கற டிஸ்க்ல அடி வரி பாதி போயிடும். க்யூல போடறதுக்கு முன்னாடி பிரிவியூ படத்த ரெண்டு மூணு எடத்துல தள்ளி பாத்துடுங்க, சந்தேகம்னா கிராப் மோட கன்சர்வேட்டிவ்ல வைங்க.

பேச்சு கேக்கவே மாட்டேங்குது, பாட்டு வந்தா வீடே அதிருது?

இது 5.1ல கலந்த சவுண்ட ரெண்டு ஸ்பீக்கர் டிவில கேக்கறதால வர்ற பிரச்சன. பேச்சு பூரா நடு ஸ்பீக்கர்ல இருக்கும், உங்க வீட்ல நடு ஸ்பீக்கரே இல்ல. அதுக்குதான் மொத டிராக்க ஏஏசி ஸ்டீரியோவா வைக்க சொன்னேன், அந்த டிராக்குக்கு மட்டும் டிஆர்சிய 1.5லேருந்து 2 வரைக்கும் ஏத்துங்க, சின்ன சத்தம் தூக்கி பெரிய சத்தம் அடங்கும், ராத்திரி பக்கத்து ரூம்ல கொழந்த தூங்கினாலும் பாக்கலாம். இது ஏசி3லேருந்து மாத்தும்போதுதான் வேல செய்யும், பாஸ்த்ரூ டிராக்குல செய்யாது. ரெண்டாவது டிராக் ஏசி3 பாஸ்த்ரூ எதுக்குன்னா நாளைக்கு சவுண்ட்பாரோ ஹோம் தியேட்டரோ வாங்கினா ஒரிஜினல் 5.1 கைல இருக்கணும். டிடிஎஸ் டிராக் இருக்கற டிஸ்க்னா கவனம், நிறைய டிவி டிடிஎஸ்ஸ பாடாது, படம் ஓடும் சத்தம் வராது, அதுலயும் ஏஏசிதான் முன்னாடி நிக்கணும்.

சப்டைட்டில்?

டிவிடி சப்டைட்டில் எழுத்து இல்ல, படம். எழுத்தா மாத்தணும்னா ஓசிஆர், அதாவது படத்துலேருந்து எழுத்த படிச்சு எடுக்கறது, பண்ணணும், அது தனி வேல. எம்கேவில அப்படியே பாஸ்த்ரூ போகும், வேணும்ங்கறவங்க ஆன் பண்ணிக்கலாம். எம்பி4ல போட்டா நிறைய பிளேயர் காட்டாது, நான் எம்கேவின்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பாரிஸ்லேருந்து சித்தப்பா குடுத்து விட்ட டிஸ்க்கு ஓடவே மாட்டேங்குது, பாண்டில பாதி வீட்ல இதே கத?

எந்த நாட்டு பிளேயர்ல ஓடணும்னு டிஸ்க்ல ரீஜன்னு ஒரு நம்பர் இருக்கும். பிரான்ஸ் டிஸ்க் ரீஜன் 2, நம்ம நாடு ரீஜன் 5, சிங்கப்பூர் மச்சான் வாங்கிட்டு வந்தது ரீஜன் 3. கம்ப்யூட்டர் டிரைவ்ல ரீஜன அஞ்சு தடவதான் மாத்த முடியும், அஞ்சாவதுல எது இருக்கோ அதோட பூட்டிக்கும், அதனால விண்டோஸ் கேக்கும்போது சும்மா ஓகே ஓகேன்னு தட்டாதீங்க. மேக்எம்கேவி பெரும்பாலும் ரீஜன் மாத்தாமயே படிச்சிடும், மொதல்ல அதுல போட்டு பாருங்க. அடம் பிடிக்கற டிரைவ்னா, ரெண்டாவது டிரைவ் ஒண்ணுக்கு ரீஜன் 2 செட் பண்ணி பிரெஞ்சு டிஸ்க்குக்குன்னே ஒதுக்கிடுங்க.

பிரெஞ்சு டிஸ்க் பால், 720க்கு 576, 25 பிரேம். 24ல எடுத்த படத்த 25ல ஓட்டறதால நாலு சதவீதம் வேகமா போகும், பாட்டு சுருதி லேசா ஏறின மாதிரி இருக்கும், அத சரி பண்றேன்னு பிரேம் ரேட்ல கை வச்சா சத்தம் தனியா வாய் தனியா போயிடும். ஆடியோல பிரெஞ்சு, இங்கிலீஷ்னு நாலு டிராக் இருந்தா வேண்டியத மட்டும் டிக் பண்ணுங்க. தாத்தா பாட்டிக்கு பிரெஞ்சுதான் வேணும்னா அத மொத டிராக்கா வைங்க, டிவி பெரும்பாலும் மொத டிராக்கதான் எடுக்கும்.

ஒரே டிஸ்க்ல மூணு படம் இருக்கு, மேக்எம்கேவில முப்பது டைட்டில் காட்டுது?

ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கற மூணுதான் படம், மத்ததெல்லாம் பாட்டு, டிரெய்லர், வேற பட விளம்பரம். 2007 வாக்குல மோசர் பேர் 34 ரூபாய்க்கு டிவிடி விட்டதுல ஆரம்பிச்சு வெல எறங்கி எறங்கி, மூணு படத்த ஒரே டிஸ்க்ல அமுக்கி விக்கறது சாதாரணமா போச்சு. மூணு படத்த அமுக்கினா ஒரு படத்துக்கு மிஞ்சறது ரெண்டரை ஜிபிதான், அதுலயே கட்டம் தெரியும், அத மறுபடி கன்வர்ட் பண்ணா இன்னும் மோசம். இந்த மாதிரி டிஸ்க்க மட்டும் மேக்எம்கேவியோட விட்டுடுங்க. சில டிஸ்க்ல 99 டைட்டில், எல்லாம் ஒரே நீளம்னு காட்டி ஏமாத்தும், விஎல்சில மெனு வழியா படத்த ஓட விட்டு எத்தனாவது டைட்டில் ஓடுதுன்னு பாத்து அத மட்டும் எடுங்க.

கல்யாண டிவிடிக்கு என்ன தனி செட்டிங்?

மொத வேல கன்வர்ட் இல்ல, ஐஎஸ்ஓ. டிஸ்க்க அப்படியே ஒரே ஃபைலா இம்ஜ்பர்ன்ங்கற சாஃப்ட்வேர்ல ரீட் குடுத்து எடுத்து வச்சிக்கங்க, ஸ்டுடியோகாரர் எழுதின டிஸ்க்ல பூட்டு எதுவும் இருக்காது. ஏன் மொதல்லன்னா, கடை டிஸ்க்கு ஃபேக்டரில அச்சடிச்சது, ஸ்டுடியோ டிஸ்க்கு சாயத்துல லேசர் வச்சி எழுதினது, சாயம் வெயில்லயும் சூட்டுலயும் வெளுக்கும், இன்னைக்கு படிக்கறது அடுத்த பொங்கலுக்கு படிக்கும்னு சொல்ல முடியாது. நடுவுல நின்னு போனா லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, படிச்ச எடம் படிக்காத எடம்னு ஒரு மேப் ஃபைல் எழுதும், அதே மேப்ப வச்சி வேற டிரைவ்ல மறுபடி ஓட்டினா விட்டுப்போன எடத்த மட்டும் போய் படிக்கும். மேல பெரிய போட்டோ ஸ்டிக்கர் ஒட்டின டிஸ்க்கு சுத்தும்போது ஆடும், ஸ்பீட கொறச்சு படிங்க, ஸ்டிக்கர உரிக்க மட்டும் போகாதீங்க.

அப்புறம் செட்டிங். கல்யாண வீடியோ பூரா உண்மையான இன்டர்லேஸ், நொடிக்கு 50 தடவ அசைவு பதிஞ்சிருக்கும். சினிமா செட்டிங்ல போட்டா 25 ஆயிடும், பாதி அசைவு போச்சு, ஊர்வலத்துல ஆடறது, கேமரா மண்டபத்த சுத்தறது எல்லாம் வெட்டி வெட்டி தெரியும். ஹேண்ட்பிரேக்ல டீகோம்ப ஆஃப் பண்ணிட்டு டிஇன்டர்லேஸ்ல பிவ்டிஃப் (Bwdif) இல்லன்னா யாடிஃப் (Yadif), பிரீசெட் பாப் (Bob), இன்டர்லேஸ் டிடெக்ஷன் ஆஃப், பிரேம் ரேட் 50ன்னு குடுங்க. டிவில அந்த காலத்துல பாத்த அதே வழவழப்பு வரும். மொதல்ல ஒரு சேப்டர் மட்டும் டெஸ்ட் பண்ணுங்க, ஆளுங்க முன்ன பின்ன உதறற மாதிரி தெரிஞ்சா ஃபீல்ட் ஆர்டர், அதாவது ஒத்தப்பட கோடு ரெட்டப்பட கோடுல எது முன்னாடிங்கறது, தப்பா எழுதின டிஸ்க்கு, ஹேண்டிகேம் டேப்புல கீழ் ஃபீல்டு முன்னாடி வரும், எழுதினவங்க மேல்னு குறிச்சிருப்பாங்க, கஸ்டம்ல பேரிட்டிய மாத்தி போடுங்க.

ஆர்எஃப் இங்க 18. மண்டபத்து லைட்ல ஹேண்டிகேம் எடுத்தது பூரா புள்ளியா இருக்கும், அத தொடைக்கறேன்னு டீநாய்ஸ் போடாதீங்க, புள்ளியோட சேத்து பட்டுப்புடவை ஜரிகையும் போயி எல்லார் மூஞ்சியும் மாவு பூசின மாதிரி ஆயிடும். சவுண்டு எல்பிசிஎம்மா (அமுக்காத சவுண்டு) இருந்தா ஏஏசி 192 போதும். ஹார்ட்டுக்குள்ள பொண்ணு மாப்ள வர்றது, தாமரைக்குள்ள மூஞ்சி வர்றது எல்லாம் அப்படியே இருக்கட்டும், வெட்டணும்னா கன்வர்ட் பண்ணின காப்பில வெட்டுங்க, ஐஎஸ்ஓவ தொடக்கூடாது. பின்னாடி சினிமா பாட்டு ஓடறதால யூடியூப்ல ஏத்தினா காப்பிரைட் நோட்டீஸ் வரும், அது வேற விஷயம்.

ஸ்டுடியோகாரர் இன்னும் கடை வச்சிருந்தா மினிடிவி (MiniDV) கேமரா டேப் இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டு பாருங்க. அது டிவிடிய விட நல்ல தரம்.

வெள்ளத்துல நனஞ்ச டிஸ்க்கு, பூஞ்ச புடிச்ச டிஸ்க்கு தேறுமா?

2011 டிசம்பர் 30 தானே அடிச்சப்ப கூர போன வீடு, 2015ல தண்ணி நின்ன வீடு, 2024ல ஃபெஞ்சலுக்கு அப்புறம் தென்பெண்ணை ஏறி வந்த வீடுன்னு இந்த கேள்வி நம்ம ஊர்ல நெறயவே வருது. பெரும்பாலும் தேறும். டிவிடில டேட்டா மேல இல்ல, 0.6 மில்லிமீட்டர் தகடு ரெண்ட ஒட்டி நடுவுல வச்சிருக்கு, சேறு வெளியதான் இருக்கும். நல்ல தண்ணில ஊற வச்சி மண்ண கரைய விடுங்க, பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு, விரலால மெதுவா, அப்புறம் மெத்துனு காட்டன் துணில நடுவுலேருந்து வெளி ஓரத்துக்கு நேரா தொடைங்க. வட்டமா தொடைச்சா கீறலும் வட்டமா விழும், லேசர் போற பாதையிலயே விழும், அத சரி பண்ண முடியாது. நெழல்ல காய வைங்க, மொட்ட மாடி வெயில்ல ஸ்டுடியோ டிஸ்க்க காய வச்சா சாயம் போயிடும். ஓரத்துல தகடு பிரிஞ்சு உள்ள தண்ணி எறங்கியிருந்தா மட்டும் கஷ்டம், அந்த டிஸ்க்க வேகமா சுத்த விடாதீங்க. டூத்பேஸ்ட் வைத்தியம் கடைசி பட்சம், அதுவும் சினிமா டிஸ்க்குல மட்டும்.

விசிடி நெறய இருக்கே?

எம்பெகாவ் (MPEGAV) ஃபோல்டர்ல இருக்கற டாட் (.dat) ஃபைல காப்பி பண்ணி எம்பிஜின்னு (.mpg) பேர் மாத்துங்க, ஓடும். 352க்கு 288தான், கன்வர்ட் பண்றது வீண். சிடில டேட்டா பேர் அச்சடிச்ச பக்கத்துலதான் ஒட்டியிருக்கு, அந்த பக்கம் உரிஞ்சா முடிஞ்சுது.

எதுல போட்டு பாக்கறது? பெண்டிரைவே போதுமா?

போதும்னு நெனக்கறவங்களுக்கு போதும். 4 ஜிபிக்கு மேல ஃபைல் காப்பி ஆகலன்னா பெண்டிரைவ் ஃபேட்32ல இருக்கு, என்டிஎஃப்எஸ்க்கோ எக்ஸ்ஃபேட்டுக்கோ மாத்துங்க, எது டிவிக்கு புடிக்கும்னு டிவி புக்குல பாருங்க. அம்பது படத்துக்கு மேல போனா ரிமோட்டால ஃபைல் பேர் தேடி கை வலிக்கும், பழைய லேப்டாப் ஒண்ணுல ஜெல்லிஃபின்ங்கற மீடியா சர்வர் சாஃப்ட்வேர போட்டு ஹார்ட் டிஸ்க்க மாட்டி வைங்க, காசு கெடயாது, டிவிலயும் போன்லயும் போஸ்டரோட வரும். டிவியோட நேரா ஒரு பாக்ஸ் இணைக்கறவங்களுக்கு கோடின்னு (Kodi) ஒரு பிளேயர் சாஃப்ட்வேர். ஜெல்லிஃபின்ல ஒண்ணு கவனிக்கணும், டிவிடி சப்டைட்டில் படமா இருக்கறதால அத ஆன் பண்ணா சில டிவிக்கு லேப்டாப் படத்தயே மறுபடி கன்வர்ட் பண்ணி அனுப்பும், ஃபேன் கத்தும், தமிழ் படத்துக்கு சப்டைட்டில ஆஃப்லயே வைங்க.

பேர் வைக்கறப்ப படம் பேரு, அடைப்புக்குறில வருஷம், இங்கிலீஷ் எழுத்துல வைங்க. பில்லான்னு மட்டும் வச்சா 1980 படத்துக்கு 2007 போஸ்டர் வந்து நிக்கும், வருஷம் இருந்தா கொழப்பம் இல்ல. கல்யாண வீடியோவ சினிமா லைப்ரரில போடாதீங்க, ஹோம் வீடியோன்னு தனி லைப்ரரி, இல்லன்னா உங்க அக்கா கல்யாணத்துக்கு ஏதாவது ஹாலிவுட் பட போஸ்டர ஒட்டி வச்சிடும்.

கரண்ட் போனா க்யூ என்ன ஆகும்?

ஓடிட்டு இருந்த படம் ஒண்ணு மட்டும் வீண், முடிஞ்சதெல்லாம் இருக்கும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, ஆனா யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு தனி அடாப்டர்னா அது நின்னுடும், இன்வர்ட்டர் லைன்ல மாட்டுங்க. கன்வர்ட் பண்ணின ஃபைல மொதல்ல லேப்டாப்லயே எழுத விட்டு காலைல நவுத்தறது இன்னும் நல்லது.

பேக்கப்?

சினிமாவுக்கு டிஸ்க்கே பேக்கப். வீட்டு விசேஷ ஐஎஸ்ஓக்கு ரெண்டு ஹார்ட் டிஸ்க், அதுல ஒண்ணு வேற ஊர்ல. தேவனாம்பட்டினத்துல ஒண்ணு மஞ்சக்குப்பத்துல ஒண்ணுன்னா ரெண்டும் ஒரே புயல்ல போகும், நெய்வேலிலயோ விழுப்புரத்துலயோ சொந்தக்காரங்க வீட்ல குடுத்து வைங்க, வருஷம் ஒரு தடவ போகும்போது மாட்டி ஃபைல் தெறக்குதான்னு பாருங்க.

படத்துலேருந்து பாட்ட மட்டும் தனி ஃபைலா எடுக்க முடியுமா?

முடியும். ஹேண்ட்பிரேக்ல டைட்டிலுக்கு பக்கத்துல சேப்டர்னு ரெண்டு கட்டம் இருக்கும், பாட்டு ஏழாவது சேப்டர்னா ரெண்டுலயும் 7 குடுத்து க்யூல சேருங்க. பாட்டு சேப்டர் நடுவுல ஆரம்பிச்சா சேப்டர செகண்ட்ஸ்னு மாத்திட்டு நேரத்த குடுங்க. சில டிஸ்க்ல பாட்டெல்லாம் தனி டைட்டிலாவே இருக்கும், மேக்எம்கேவில கொறஞ்சபட்ச நீளம் 120 செகண்டுன்னு வச்சிருக்கறதால நாலு நிமிஷ பாட்டு அதுலயே வந்துடும், டிக் பண்ணா போதும்.